லண்டனா, பாரீஸா?

ஐரோப்பாவுக்கு டூர் போக எந்த ஊர் நல்ல ஊர் என்று புதுச்சேரிக்காரனிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். கேள்வியை முடிப்பதற்குள், "பாரீஸ்தான் சார், வேற என்ன?" என்பான். இத்தனைக்கும் அவன் செஞ்சிக் கோட்டைக்கு அந்தப் பக்கம் போயிருக்க மாட்டான். ஆனால் தினமும் நீலப் பலகையில் 'ரூ துமா', 'ரூ சுஃப்ரேன்' என்று படித்துப் படித்து, பாரீஸ் என்னவோ கடலூருக்குப் பக்கத்தில் இருப்பதாக ஒரு நினைப்பு!

எங்கள் வீட்டிலும் இந்த வருஷம் இதே பஞ்சாயத்து. டெபாசிட் ஒன்று முதிர்ந்திருக்கிறது. பத்து நாள், மூன்று டிக்கெட்: நான், என் மனைவி, அப்பா. மனைவி லண்டன் கட்சி. அப்பா வாயே திறக்கவில்லை. பி.காம். படித்தவன் என்ன செய்வான்? பேப்பரை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் லண்டன், வலது பக்கம் பாரீஸ்.

முதல் அயிட்டம் விசா. பிரிட்டனின் ஆறு மாத விசிட் விசாவை 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆக்கினார்கள். பாரீஸுக்கு ஷெங்கன் விசா. 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. அதை வைத்துக்கொண்டு 29 நாடுகளில் கால் வைக்கலாம். பிரிட்டன் அந்த 29-ல் இல்லை. பாரீஸுக்கு ஒரு டிக்.

அடுத்தது பாஷை. புதுச்சேரியில் பிறந்தவனுக்குப் பிரெஞ்சு தாய்ப்பாலோடு வரும் என்று சென்னை நண்பர்கள் நம்புகிறார்கள். எனக்கு வந்தது 'போன்ழூர்', 'மெர்சி'. அப்புறம், முனிசிபாலிட்டி கட்டடத்துக்கு 'மேரி' என்று பெயர் என்பது. இதை வைத்துக்கொண்டு பாரீஸில் ஒரு டீ வாங்க முடியாது. லண்டனில் நம்ம ஆபீஸ் இங்கிலீஷே ஓடும். லண்டனுக்கு டிக்.

மியூசியம்? இங்கேதான் லண்டன் எகிறுகிறது. பிரிட்டிஷ் மியூசியம் 1759-ல் திறந்தபோதும் ஓசி, இன்றும் ஓசி. நம்ம பக்கத்திலிருந்து போன அமராவதிச் சிற்பங்களையே காசு கொடுக்காமல் பார்த்துவிட்டு வரலாம். பாரீஸ் லூவருக்கு 22 யூரோ. அதுவும் ஐரோப்பியர்களுக்கு. 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போன்ற வெளி ஆசாமிகளுக்கு 32 யூரோ. மோனாலிஸா யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது இப்போது புரிகிறதா?

சாப்பாட்டில் டிரா. லண்டனில் ஈஸ்ட் ஹாம் போனால் இட்லி. பாரீஸில் லா ஷாப்பேல் போனால் இட்லி. ஈழத் தமிழர்கள் புண்ணியத்தில் இரண்டு ஊரிலும் சாமியும் உண்டு, சாம்பாரும் உண்டு. லா ஷாப்பேல் பக்கத்துப் பிள்ளையாருக்கு வருஷா வருஷம் தேரே ஓடுகிறது.

"ரெண்டையுமே பாத்துட்டா என்ன?" என்றாள் மனைவி. பார்க்கலாம். கடலுக்கு அடியில் போகிற ரயில், இரண்டே கால் மணி நேரத்தில் லண்டனிலிருந்து பாரீஸில் கொண்டுபோய் விட்டுவிடும். புதுச்சேரியில் பஸ் ஏறிச் சென்னை போகவே அதற்கு மேல் ஆகிறது! ஆனால் இரண்டு விசா, இரண்டு ஓட்டல், பத்து நாளில் பாதி நாள் பெட்டி கட்டுவது. தள்ளுபடி.

இந்த லண்டன்-பாரீஸ் இழுபறி எங்கள் ஊருக்குப் புதுசில்லை. 1761-ல் பிரிட்டிஷ்காரன் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினான். 1763-ல் பாரீஸில் ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். 1778, 1793, 1803 என்று மறுபடி மறுபடி வந்து பிடித்தான். கடைசியாக 1816-ல் பிரெஞ்சுக்காரனிடம் ஒப்படைத்தான். வாடகை வீட்டுச் சாவி மாதிரி ஊரே கைமாறியது. குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு ஊரிலும் இருந்து பார்த்துவிட்டு, மூன்றாவதாக எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர் உண்டு. வ.வே.சு. ஐயர். பாரிஸ்டராக லண்டன் போனார். அங்கே போலீஸ் தேட, மாறுவேஷத்தில் பாரீஸ் தப்பினார். 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் முன்பே வந்துவிட்ட பாரதியார் இங்கே இருந்தார். லண்டன் வாரன்ட் எங்கள் எல்லைக்குள் செல்லாது, அதுதான் காரணம். ஐயர் விசாவுக்கு க்யூவில் நிற்கவில்லை!

குடியிருந்தவர்களிடம் முதல்முதலாக, ஆள் ஆளாக, 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்டது 1962-ல்தான். 1954 நவம்பர் 1-ஆம் தேதியே நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டாலும், ஒப்பந்தம் சட்டப்படி அமலானது 1962 ஆகஸ்ட் 16. இங்கே பிறந்து இங்கே வாழ்கிற பிரெஞ்சுப் பிரஜை எல்லோரும் அன்றிலிருந்து இந்தியர். வேண்டாம், பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன் என்றால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

எங்கள் தெருவில் எதிரெதிர் வீடு. எதிர்வீட்டுத் தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் கையெழுத்துப் போட்டார். என் தாத்தா ரோடியர் மில்லில் வேலை. ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் என்று மில்லின் பெயரிலேயே இரண்டு தேசமும் இருந்தது. தாத்தா இரண்டையுமே கண்டுகொள்ளவில்லை. "வெள்ளைக்காரன் போவணும்னு கொடி புடிச்சிட்டு, அவன் பேப்பர்ல நான் எப்பிடிடா கையெழுத்துப் போடுவேன்?" என்றாராம். அப்பாவுக்கு அப்போது ஐந்து வயசு. ஐந்து வயசுப் பிள்ளையை யார் கேட்பார்கள்? பெற்றவர் முடிவுதான் பிள்ளைக்கும்.

இன்றைக்கு எதிர்வீட்டுப் பேரன், என் பால்ய சிநேகிதன், பாரீஸ் பக்கத்தில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பாரீஸ் என்பது ஒரு விமான டிக்கெட். எனக்கு அதே பாரீஸ் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், இன்ஷூரன்ஸ், போட்டோ. லூவரில் அவனுக்கு 22, எனக்கு 32. அந்தப் பத்து யூரோதான் கையெழுத்தின் விலை என்று கணக்கில் எழுதிக்கொண்டேன். தாத்தா மேல் கோபமா என்றால், இல்லை. இரண்டு பேருமே அவரவர் மனசுக்குச் சரியென்று பட்டதைத்தான் செய்தார்கள்.

சிநேகிதன் போனில், "ஓட்டல் எதுக்குடா? நம்ம வீடு இருக்கு. வரும்போது ரெண்டு கிலோ மாவடு, சாம்பார் பொடி, அம்மா தர்ற பார்சல்..." என்று ஆரம்பித்தான். பார்சல் லிஸ்ட்டைக் கூட்டினால் என் ஜட்டிக்குக்கூட பெட்டியில் இடமில்லை. சொந்தபந்தம் உள்ள ஊருக்குப் போனால் அது டூர் இல்லை, விசேஷத்துக்குப் போகிற மாதிரி.

கூட்டிப் பார்த்தேன். தங்கும் செலவை நீக்கினால் பாரீஸ் மலிவு. ஆனால் நிம்மதியாக ஊர் சுற்ற லண்டன். உங்களில் யாராவது இதே குழப்பத்தில் இருந்தால் நான் சொல்வது இதுதான்: இங்கிலீஷ் மட்டும் போதும், மியூசியம் மியூசியமாக நடக்கணும், கையைக் கடிக்கக் கூடாது என்றால் கண்ணை மூடிக்கொண்டு லண்டன் போங்கள். எட்டு நாடு, ஒன்பது நாள் என்று விளம்பரம் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். பஸ் சீட்டைத்தான் பார்ப்பீர்கள்.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு வேறு. பேப்பரை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கமும் படித்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. லண்டன் போனா ஊரப் பாத்துட்டு வரலாம். ஆனா அறுபது வருஷமா எதிர்வீட்டு வாசல்ல பார்சல் வந்து எறங்குறதப் பாத்துட்டே இருக்கேன். அது எங்கேர்ந்து வருதுன்னு ஒருவாட்டி பாத்துட்டா போதும்."

மனைவி தன் லண்டன் ஓட்டை அந்த நிமிஷமே வாபஸ் வாங்கிவிட்டாள்.

ஷெங்கன் விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். பயணத்தின் நோக்கம் என்று ஒரு கேள்வி. சுற்றுலா என்று ஒரு கட்டம், உறவினர் அல்லது நண்பர்களைப் பார்க்க என்று இன்னொரு கட்டம். "எதை டிக் பண்றதுப்பா?" என்றேன். "ரெண்டாவது" என்றார் யோசிக்காமல். பிறகு பேனாவை வாங்கி, அடியில் நிறுத்தி நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.