பொக்லைன் என்றொரு சொல்

தமிழ் நாளிதழ் வாசிப்பவர்களுக்கு மிகவும் பழகிய சொற்களில் ஒன்று ‘பொக்லைன்’. ஏரிக்கரை ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டாலும், இடிந்த கட்டடத்தின் கீழே ஆட்கள் சிக்கிக்கொண்டாலும், வாய்க்கால் தூர் வாரப்பட்டாலும் ‘பொக்லைன் இயந்திரம் வரவழைக்கப்பட்டது’ என்ற வரி தவறாமல் இருக்கும். அது ஏதோ தொழில்நுட்பச் சொல் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பிரான்சில் ஒரு நிறுவனத்தின் பெயர்.

பாரிஸுக்கு வடகிழக்கே லெ ப்ளெஸி-பெல்வீல் என்ற சிற்றூரில் வேளாண் கருவிகள் செய்து தொழிலைத் தொடங்கியவர் ஜார்ஜ் பத்தாய். இலக்கிய வாசகர்கள் துணுக்குற வேண்டாம், பெயர் மட்டுமே ஒன்று, ஆள் வேறு. 1950களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் திரவ அழுத்தத்தால் இயங்கும் அகழ்பொறியைச் செய்தது. அதற்கு முன்பெல்லாம் மண்ணள்ளும் யந்திரம் என்றால் இரும்புக் கயிறும் கப்பியும்தான். ஓட்டுநர் இரு கைகளாலும் இரு கால்களாலும் நெம்புகோல்களோடு மல்லுக்கட்டியபடி இருப்பார். எண்ணெயின் அழுத்தத்தில் நீண்டு சுருங்கும் உருளைகள் வந்த பிறகு யந்திரத்துக்குத் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் கிடைத்தன. 1977இல் அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் பொக்லைனில் நாற்பது விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. காலப்போக்கில் அகழ்பொறிகளில் அந்தப் பெயர் மறைந்தது. இன்று திரவ அழுத்த மோட்டார்களில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் ஊரில் எல் அண்ட் டி நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தில் செய்த யந்திரங்களின் வழியே நுழைந்த பெயர், சொந்த ஊரில் செத்த பின்னும் தமிழில் உயிரோடு இருக்கிறது. பிற்பாடு வந்த ஜேசிபி கூட அதை முழுதாகத் துரத்திவிடவில்லை.

சொல் இப்படி என்றால், யந்திரங்களைப் பற்றிய என் நினைவுகள் அதற்கும் முந்தையவை. அவற்றில் முதலாவது ‘ரோடு இஞ்சின்’. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்குச் சாலை போட வந்தது நீராவியில் ஓடும் பழைய உருளை. முன்பக்கத்தில் செப்புத் தகட்டில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரை. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து ராச்செஸ்டரில் இருந்த ஏவ்லிங் அண்ட் போர்ட்டர் நிறுவனத்தின் முத்திரை அது என்பது வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது. குதிரை கென்ட் மாவட்டத்தின் சின்னம். அதன் கீழிருந்த ‘இன்விக்டா’ என்ற லத்தீன் சொல்லுக்கு வெல்லப்படாதது என்று பொருள். நாங்கள் அதைக் ‘குதிரை இஞ்சின்’ என்றே அழைத்தோம்.

அந்த இஞ்சின் ஒரு நாளில் ஓடியதைவிட நின்றதே அதிகம். விடியும் முன்பே இஞ்சின்காரர் எழுந்து விறகு மூட்டுவார். கொதிகலனில் அழுத்தம் ஏற இரண்டு மணி நேரமாவது ஆகும். முன்னுருளையைத் திருப்புவது ஒரு சங்கிலி. சக்கரத்தைப் பல சுற்றுகள் சுற்றினால்தான் உருளை ஒரு சாண் நகரும். ஆகவே வளைவு வருவதற்கு வெகு முன்னதாகவே அவர் சுற்றத் தொடங்கிவிடுவார். அவசரம் என்பதையே அறியாத யந்திரம் அது. “இஞ்சின்கார அண்ணே, ஒரு தடவை ஊதுங்கண்ணே” என்று கெஞ்சியபடி பின்னாலேயே நடப்போம். நடந்தே அதைத் தாண்டிவிடலாம் என்பதால் அவ்வப்போது நின்று காத்திருக்கவும் வேண்டியிருக்கும்.

இஞ்சினுக்கு முன்னால் ஒரு உலகம் இருந்தது. ஓலைத் தட்டியின் நிழலில் அமர்ந்து சுத்தியலால் சல்லி உடைக்கும் பெண்கள். கல் துள்ளாமலிருக்கத் துணியைச் சுருட்டி வளையமாக்கி அதற்குள் வைத்து அடிப்பார்கள். தார் போடும் நாளில் கால்களில் கோணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சூட்டில் நடப்பார்கள். அன்று என் கண்கள் குதிரையை மட்டுமே பார்த்தன. இப்போது நினைவில் துலங்குவது அந்தக் கோணி சுற்றிய கால்கள்தான்.

அடுத்தது நெய்வேலி. பள்ளிச் சுற்றுலாவில் சுரங்கத்தின் விளிம்பில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். தூரத்தில் பொம்மை போலத் தெரிந்த ஒன்றைக் காட்டி, அதன் சக்கரத்தின் விளிம்பிலிருக்கும் ஒவ்வொரு வாளியும் நூற்றுக்கணக்கான லிட்டர் மண் கொள்ளும் என்று ஆசிரியர் சொன்னபோது ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு அதன் காலடியில் எறும்பு போல ஒரு லாரி நகர்ந்தது. அப்போதுதான் அளவு புரிந்து வயிற்றுக்குள் ஏதோ செய்தது. சக்கரம் சுழலச் சுழல, வாளிகள் மண்ணைச் செதுக்கி எடுத்து ஓடும் பட்டையில் கொட்டுகின்றன. பட்டை கிலோமீட்டர் கணக்கில் ஓடி, வெட்டி முடித்த பள்ளத்தின் மறுபக்கத்தில் இன்னொரு யந்திரத்தின் வழியாக மண்ணைப் பரப்புகிறது. ஒரு பக்கம் தோண்டியபடியே மறுபக்கம் மூடிச் செல்லும் வேலை.

1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கம் அது. யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அங்குள்ள மென்மையான மண்ணுக்குப் பழகிய வாளிப் பற்கள் இங்குள்ள கடலூர் மணற்பாறையில் வேகமாகத் தேய்ந்தன. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே சக்கரத்தை விட வேண்டியிருந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர். இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. யந்திரத்தின் வெற்றி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மண்ணோடு செய்துகொண்ட நீண்ட சமரசமே. அந்தப் பள்ளம் இருந்த இடத்தில் முன்பு ஊர்களும் வயல்களும் இருந்தன என்பதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மண்வேலையின் இன்னொரு முகத்தை நான் அறிந்தது அப்பாவின் மூலம். ஏரி, வாய்க்கால் வேலைகளை மேற்பார்வையிட்டு அளவெடுப்பது அவர் பணி. கூலி கன அடிக் கணக்கில். மண் வெட்டுபவர்கள் குழியின் நடுவே ஒரு திட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அதன் தலையில் பழைய தரையின் புல் அப்படியே இருக்கும். புல்லிலிருந்து குழியின் அடிவரை நாடா பிடித்தால் ஆழம். எத்தனை மண் போனது என்பதற்கு எஞ்சிய மண்ணே சாட்சி. சிலர் வேறிடத்திலிருந்து புல்லோடு ஒரு பத்தையைப் பெயர்த்து வந்து திட்டின் மேல் வைத்து உயரத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு. அப்பா திட்டின் பக்கவாட்டை விரலால் தடவிப் பார்ப்பார். ஒட்டு தெரிந்தால் மேல்பத்தையைத் தள்ளிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் அளப்பார். அவர்களும் பேசமாட்டார்கள். அரை அடி மண்ணுக்காகப் பொய் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று பின்னொரு நாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளில் அவருடைய ஏரி ஒன்றுக்கு முதல் பொக்லைன் வந்தது. நாற்பது பேர் ஒரு வாரம் வெட்டுவதை அது ஒரு பகலில் முடித்தது என்றார். வருத்தமும் இல்லை, பெருமிதமும் இல்லை அந்தக் குரலில். மண் சுமந்து சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்த பெண்களை அவர் பார்த்திருக்கிறார். அந்த வேலை தொடர வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கூடையை மகிமைப்படுத்துவது கூடையைச் சுமக்காதவர்களின் வேலை. ஆனால் அந்தக் கோடையில், வழக்கமாக வரும் மண்வெட்டிக் குடும்பங்கள் வந்து, கரையோரம் இரண்டு நாள் தங்கி, பின் ஒன்றும் கேட்காமல் வண்டி கட்டிப் போய்விட்டதையும் அவரே சொன்னார். அவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

பழைய யந்திரங்களைப் பூங்காக்களில் வர்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள். நல்லதுதான். குதிரை முத்திரையைக் கண்டால் இப்போதும் என் கால் நின்றுவிடுகிறது. யந்திரங்களுக்காவது அருங்காட்சியகம் இருக்கிறது.

யந்திரம் தோண்டிய குழியில் அளவுத்திட்டு இருப்பதில்லை. கூலி மணிக்கணக்கில், ஆகவே சாட்சி தேவைப்படுவதில்லை. அப்பா ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை, தூர் வாரிய ஏரியின் கரையில் அவரோடு நின்றிருந்தேன். சுவர் போலச் சீராக வெட்டப்பட்ட பெரிய பள்ளம். வெகுநேரம் பார்த்துவிட்டு, “எவ்வளவு ஆழம்னு எதை வச்சு சொல்றது?” என்றார். என்னிடம் கேட்டது போலவும் இல்லை.