தூரமா?

முத்துநகர் எக்ஸ்பிரஸ் கோவில்பட்டிக்கு வந்து சேரும்போது விடிந்திருக்காது. எழும்பூரில் ஏறி ஏறத்தாழ 600 கிலோமீட்டரைத் தூங்கிக் கழித்துவிட்டுக் கண்ணைக் கசக்கியபடி இறங்கினால், ஊரின் பெயரைச் சொல்லும் கடலைமிட்டாய்க் கடைகள்கூடத் திறந்திருப்பதில்லை. 2023 செப்டம்பரில் அப்படித்தான் இறங்கினேன். கையில் ஒரு பெட்டி, தோளில் மடிக்கணினி.

மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். "சென்னைக்கு வந்துருங்க அத்தை" என்றேன். "இந்த வயசுல லிப்ட்ல ஏறி எறங்கவா?" என்றார். பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். கணவரின் வேலை அப்படி இல்லை. ஆக, நான் போவது, அவர் மாதம் இரண்டு முறை வந்து பார்ப்பது, மூன்றே மாதம் என்று முடிவானது.

எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில் ஊர். எட்டயபுரம் பாரதி பிறந்த இடம். முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் அங்கேதான். என்னைப் பொறுத்தவரை அது மருந்துக்கடையும் ஏ.டி.எம்மும் இருக்கும் ஊர். அங்கே போய்வர ஒரு மினிபஸ், நாளைக்கு நான்கு நடை. அதுவும் டிரைவருக்கு உடம்பு நன்றாக இருந்தால்.

அமைதியாக இருக்கும், வேலை ஓடும் என்று நினைத்துத்தான் போனேன். விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து ஹாரன் அடிக்கும். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஓடுவார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர். வேன் போனதும் மயில்கள் ஆரம்பிக்கும். மயில் எழுப்புவது அடிபட்ட பூனையின் சத்தம் என்பதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் திருத்தியதில்லை. விதைத்ததைக் கிளறித் தின்றுவிடும் என்று ஊரில் அதை யாருக்கும் பிடிக்காது. செல்போன் சிக்னல் மொட்டைமாடியில் மட்டும். நான் மேலே நின்று ஆங்கிலத்தில் பேசும் அலுவலகக் கூட்டம் தெருவுக்கே ஒலிபரப்பாகும். "அந்த ஆளு ஏன் ஒன்னைய அந்தப் போடு போடுறான்?" என்று கீழே இறங்கியதும் விசாரிப்பார்கள். மொழி புரியவில்லை; தொனி புரிந்துவிட்டது.

நான் படுக்கும் அறையின் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். முதல் நாளே பயந்துபோய் அத்தையிடம் காட்டினேன். "அது வெயிலுக்குத் தொறக்கும், மழைக்கு மூடிக்கிரும்" என்றார், ஏதோ சன்னலைப் பற்றிச் சொல்வதுபோல. கரிசல் மண்ணின் குணம் அது. அதிலுள்ள களி தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மண் மூச்சு விடும்போது மேலே நிற்கும் வீடும் சேர்ந்து அசைகிறது. விரிசலில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்த்தேன். தாராளமாக நுழைந்தது.

முதல் மழைக்குப் பிறகு செருப்போடு காட்டுக்குப் போனேன். பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு செருப்பும் ஒரு கிலோ ஆனது. இருபதாவது எட்டில் ஒன்றை மண்ணே வாங்கி வைத்துக்கொண்டது. எதிரே வந்த ஆட்கள் எல்லோரும் செருப்பைக் கையில்தான் பிடித்திருந்தார்கள்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒரு சொல்.

வந்த மறுநாள் பால் வாங்கக் கிளம்பினேன். நான்காவது வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி, முறத்தில் தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "என்ன தாயி, தூரமா?" என்றார்.

"இல்ல பாட்டி, கடைக்குத்தான். நூறு மீட்டர் இருக்கும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னால் அவரும் சிரித்தார். கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். கேட்காமலும் இருக்க முடியாது. ஆகவே 'தூரமா'. புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே அன்றுவரை தெரியாது.

சரி, கேட்டால் என்ன? என்னதான்! தெரு முனைக்குப் போவதற்குள் ஐந்து திண்ணை. ஐந்து 'தூரமா'. போகும்போது சொன்னது போதாதென்று வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். சென்னையில் எங்கள் அடுக்குமாடியில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தோம். எதிர்வீட்டுக்காரர் பெயர் இன்றும் தெரியாது. அது குறையென்று இருவருக்கும் தோன்றியதில்லை. இங்கே நான் வெங்காயம் வாங்கியதற்கே ஊருக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் பொறுக்காமல் பின்பக்கமாக, ஓடைக்கரை வழியே சுற்றிக்கொண்டு மினிபஸ்ஸுக்குப் போனேன். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டு திரும்பினால், வாசலில் அத்தை ஊசியும் விளக்கெண்ணெயுமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் சேதி வந்திருந்தது.

அதன்பின் ஒளிவதை விட்டுவிட்டேன். கேட்டால் ஊர் பேரைச் சொல்லத் தொடங்கினேன். சொன்ன முதல் நாள், "எட்டயபுரமா? அப்ப இந்த மாத்திரைல ஒரு அட்டை" என்று ஒரு காலி அட்டை கைக்கு வந்தது. அடுத்த திண்ணையில் ஒரு செல்போன் சார்ஜர். அதற்கடுத்து ஒரு முழம் கதம்பம், மோட்டாருக்கு ஒரு கெப்பாசிட்டர், ஜெராக்ஸ் எடுக்க ரேஷன் கார்டு. ஐந்து திண்ணை தாண்டியபோது என் பையில் ஐந்து வீட்டு வேலை இருந்தது. எரிச்சலோடுதான் போனேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஐந்து பேர் வேலையை விட்டுவிட்டு மினிபஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நகரத்தில் இதற்குச் செயலி இருக்கிறது, வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பையன் இருக்கிறான். இங்கே அந்த இடத்தில் இருப்பது ஒரு கேள்வி.

புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் பச்சைப் பிடித்து நின்றன. எல்லாம் மானாவாரி, மேலே பார்த்துப் பிழைக்கும் வெள்ளாமை. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது ஒவ்வொரு திண்ணையும் கூப்பிட்டு, "ஒன் வீட்டுக்காரரு பத்திரமா இருக்காரா?" என்று கேட்டது. இரண்டு வாரத்தில் எங்கள் முறை வந்தது.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். கோயில் குழாய் ஸ்பீக்கர் பாடத் தொடங்கியதை மழை நிறுத்தியது. அன்றும் மறுநாளும் அது விடவில்லை. இதே மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததாகப் பின்னால் படித்தேன். மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அது அதிகம். எங்கள் ஊர் தரைப்பாலத்தின் மேல் ஓடை போனது. மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. காய் முற்றி நின்ற உளுந்து தண்ணீருக்குள் இருந்தது. கரையில் நின்று பார்த்தவர்கள் ஒன்றும் பேசவில்லை.

அத்தைக்குச் சர்க்கரை உண்டு. பிரிட்ஜ் ஓடாததால் இன்சுலின் குப்பியை, ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் சின்னச் சட்டியில் வைத்திருந்தேன். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அடியில் ஒரு வேளைக்கான மருந்துதான் தெரிந்தது. புதன்கிழமை காலை, யாரிடம் போய்க் கேட்பது என்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன். டிராக்டர் ஒன்று வந்து நின்றது. மேலே நனைந்த சாக்கைப் போர்த்திய பையன். "அக்கா, ஆச்சியோட ஊசி மருந்து சீட்டத் தாங்க. அந்தப் பக்கம் தண்ணி வடிஞ்சிருச்சாம், எட்டயபுரம் போறோம்."

"யாருப்பா சொன்னது?"

அவன் நான்காவது வீட்டுத் திண்ணையைக் கை காட்டினான்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் நான் அந்த வழியாகப் போனேன். 'தூரமா' என்றார். எட்டயபுரம் என்றேன். என்னத்துக்கு என்றார். அத்தைக்கு இன்சுலின், ஒரு குப்பி இருபத்தைந்து நாள் வரும் என்று, பேச்சை முடிப்பதற்காக முழுதாகச் சொல்லிவிட்டு நடந்தேன். பாட்டிக்குத் தேதி தெரியாது, தீபம் தெரியும். தீபத்திலிருந்து விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். மழையில் ஊரே பயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் எங்கள் வீட்டுக் குப்பியைக் கணக்குப் பார்த்திருக்கிறார்.

மருந்து சாயங்காலம் வந்தது. நன்றி சொல்லப் போனேன். "நீதான சொன்ன" என்றார். அவ்வளவுதான். முறத்தில் அன்று பயறு இல்லை. இனி வருவதற்கும் இல்லை.

மூன்று மாதம் முடிந்தது. அத்தை கைத்தடியோடு நடக்கத் தொடங்கினார். நான் கிளம்பவில்லை. ஊர் என்னை மாற்றிவிட்டது என்று சொன்னால் பொய். மயிலை இன்னும் திட்டுகிறேன். தனியாக நடக்கவேண்டும் போலிருக்கும் நாட்களில் ஐந்து திண்ணையும் பாரமாகத்தான் இருக்கின்றன. சாதி பார்த்துத்தான் சில திண்ணைகளில் தண்ணீர்ச் செம்பு வெளியே வரும் என்பதையும் இதற்குள் கண்டுகொண்டேன். எல்லோரும் அந்தத் திண்ணைகளைக் கடந்து போவதில்லை, எல்லோரையும் நிறுத்தி 'தூரமா' என்று கேட்பதும் இல்லை. அந்தக் கேள்விக்கும் எல்லை உண்டு.

சித்திரையில் சுவர் விரிசல் மறுபடி திறந்தது. கார்த்திகையில் நுழைய மறுத்த நாணயம் மீண்டும் உள்ளே போனது. அன்று சாயங்காலம் நான் எங்கள் வாசலில் தாளைப் பரப்பிப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது, வெயிலும் எழுத்தும் சேர்ந்து கலங்கின. தெருக்கோடி வீட்டுப் பெண், கல்லூரி முடித்தவள், சக்கரம் வைத்த பெட்டியை மண்ணில் இழுக்க முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

யோசித்துக் கேட்கவில்லை. அதுவாக வாயில் வந்தது.

"என்னம்மா, தூரமா?"

"ஆமாக்கா, மெட்ராஸு. இன்டர்வியூ. நாலு நாள்ல வந்துருவேன்."

"அப்ப புரசைவாக்கத்துல எங்க வீட்டுக்காரர்ட்ட, மேசை டிராயர்ல இருக்கிற என் பழைய கண்ணாடிய வாங்கிட்டு வா. இதுல எழுத்தே தெரிய மாட்டேங்குது."

"சரிக்கா" என்றாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "வேற?"