குறிப்பேட்டைக் கிழிக்காதீர்கள்!

குற்றாலத்தில் சாரல் சீசன். ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமைக்கு எல்லா அறையும் புக்கிங், அட்வான்சும் வாங்கியாகிவிட்டது. கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில். காற்றில் கரண்ட் போய்த் திரும்பி வருகிறது. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, டேட்டாபேஸ் சர்வர் எழவில்லை. ஸ்டார்ட் கொடுத்தால் இரண்டு நொடியில் படுத்துவிடுகிறது!

தென்காசியிலிருந்து கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பி வருவார். "ஐபிடேட்டா1, ஐபி லாக்ஃபைல் ரெண்டையும் டெலிட் பண்ணிருவோம் அண்ணாச்சி, ஓடிரும்" என்பார். ஓடினாலும் ஓடும். புக்கிங் கணக்கு இருக்குமா என்பதுதான் கேள்வி.

பி.காம் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நடவடிக்கை முதலில் குறிப்பேட்டில் ஏறும், பிறகுதான் பேரேட்டுக்குப் போகும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியும் அப்படித்தான். மாற்றங்களை முதலில் லாக் ஃபைலில் எழுதிவிட்டு, டேபிளில் பிறகு சாவகாசமாக எழுதுகிறது. நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை எழும்போது லாகைப் படித்து விட்டுப்போனதை ஏற்றிக்கொள்ளும். அதை அழிப்பது, பேரேடு டேலி ஆகவில்லை என்று குறிப்பேட்டைக் கிழிப்பது மாதிரி. ஐபிடேட்டா1 இன்னும் மோசம். மரியாடிபியிலும், 8.0க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல்லிலும் டேபிள்களின் அட்டவணையே அதில்தான் இருக்கிறது.

சரி, என்னதான் செய்வது?

முதலில் எர்ரர் லாகின் கடைசி வரிகளைப் படிக்க வேண்டும். டிஸ்க் நிரம்பிவிட்டதா, 3306 போர்ட்டை வேறு புரோகிராம் பிடித்திருக்கிறதா, கான்ஃபிக் ஃபைலில் எழுத்துப்பிழையா? பல சிக்கல்கள் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் டேட்டா ஃபோல்டரை முழுசாக வேறிடத்தில் காப்பி எடுத்துவைக்க வேண்டும். அதன் பிறகே 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி' என்ற செட்டிங். அதில் 1 முதல் 6 வரை உண்டு. 1 வைத்துப் பார்த்து, எழாவிட்டால் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் போனால் டேட்டா நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். எழுந்தவுடன் டம்ப் எடுத்து, புதிய டேட்டாபேஸில் ஏற்றிவிடுவது நல்லது.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தக் கதி உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். நம்பியிருந்த பேக்கப்கள் கைகொடுக்கவில்லை. 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு காப்பிதான் காப்பாற்றியது.

ஆகவே பேக்கப் இருந்தால் மட்டும் போதாது மக்களே. மாதம் ஒருமுறையாவது அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்கள்.