பனிக்கடல் மீனின் வயிற்றில் குடியிருப்போருக்கு

பனிக்கடல் மீன்களின் குடலில் வாழும் நுண்ணுயிர்களே,

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்ப்பவன் எழுதுகிறேன். உங்களை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் கடன்பட்டிருக்கிறேன். ஒரு கோடையில் என் கட்லா குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. ஆளாளுக்குச் சொன்ன மருந்தையெல்லாம் வாங்கிக் கொட்டினேன். மீன்வளம் படிக்கும் என் அண்ணன் மகள் வந்து, செத்த குஞ்சு ஒன்றை வாழையிலையில் வைத்து வயிற்றைக் கீறினாள். நூல்கண்டுபோலச் சுருண்டு கிடந்த குடலை ஊசிமுனையால் இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. “சித்தப்பா, இதுக்குள்ள ஒரு ஊரே இருக்கு. நீங்க கொட்டுன மருந்து அந்த ஊரையும்தான் அழிக்கும்” என்றாள். அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து உங்கள் கதையைச் சொன்னாள்.

குளிருக்குப் பழகியவர்களே, உயிர் எங்கெல்லாம் தாக்குப்பிடிக்கும் என்று காட்டியவர்கள் நீங்கள். அது என் முதல் கடன். உங்கள் கடல் பூஜ்யத்துக்குக் கீழே 1.9 டிகிரி வரை உறையாமல் கிடக்கும். அதைக் குடிக்கும் மீனின் வயிற்றுக்குள் பனித்துகளும் போய்விடும். அந்த மீன்களின் இரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் புரதம் இருப்பதை 1960களில் ஆர்தர் டிவ்ரீஸ் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். மீன் அதைத் தன் குடலுக்குள்ளும் சுரக்கிறது. அந்தக் குடலில்தான் உங்கள் குடித்தனம். மார்கழியில் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் ஆகாது. அந்த நல்லெண்ணெயைப்போல இளகியே இருக்கும் கொழுப்பால் உங்கள் மேலுறையைக் கட்டிக்கொள்கிறீர்கள். அதனால்தான் அங்கே விறைத்துப்போகாமல் வேலை செய்கிறீர்கள்.

உழைப்பாளிகளே, மீன் விழுங்கும் கூனிறால் போன்றவற்றின் ஓட்டை உடைக்கும் நொதியை உங்களில் சிலர் சுரக்கிறீர்கள். நாங்கள் மீனெண்ணெயில் தேடும் ஈபிஏ என்ற நல்ல கொழுப்பைக் குளிர்கடல் பாக்டீரியாக்கள் சில தாமாகவே ஆக்குகின்றன. மீன் தின்பதை மீன் மட்டும் செரிப்பதில்லை என்ற பாடம் உங்களிடம் நான் பட்ட இரண்டாவது கடன்.

காவல்காரர்களே, மூன்றாவது கடன்தான் பெரியது. வடதுருவ வட்டத்துக்குள் இருக்கும் நார்வேயின் ட்ரொம்சோ நகரில் ஐனார் ரிங்கோவும் உடனிருந்தோரும் பல்லாண்டுகள் குளிர்நீர் மீன்களின் குடலை ஆராய்ந்தார்கள். அங்கே வாழும் கார்னோபாக்டீரியம் என்னும் உங்கள் இனத்தார், மீனுக்கு நோய் தரும் கிருமிகளை வளரவிடாமல் தடுப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். இதைக் கேட்ட பிறகுதான் நான் கண்டபடி மருந்து கொட்டுவதை நிறுத்தினேன். தீனியைக் குறைத்தேன், தண்ணீர் மாற்றினேன், அடிச்சேற்றை வாரினேன். அடுத்த பருவத்தில் குஞ்சுகள் நிலைத்தன. என் குட்டையைக் காத்தது எங்கள் ஊர் நுண்ணுயிர்களாக இருக்கலாம். அவற்றை மதிக்கச் சொன்னவர்கள் நீங்கள்.

தூரத்து உறவுகளே, உங்களை அந்நியராக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. குட்டை வெட்டியபோது மண்ணில் கல்லாய்ப்போன சிப்பிகள் கிடைத்தன. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலடியில் கிடந்தது. பக்கத்துக் கல்லங்குறிச்சியில் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச்சென்றதுதான். இந்த மண்ணில் கிடைக்கும் சுருள்சிப்பிகளின் இனத்தார், உங்களில் சிலரின் கடல் சூழ்ந்த அண்டார்க்டிகாவின் பாறைகளிலும் கிடைக்கிறார்களாம். அப்போது உங்கள் கடலில் இந்த உறைபனி இல்லை. உங்கள் பக்கம் கடல் குளிர்ந்தது. எங்கள் பக்கம் கடல் பின்வாங்கி வெயில் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத நண்பர்களே, இன்று மாலையும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து கரைக்குப் போனேன். கட்லாக்கள் வாயைப் பிளந்து மேலே வந்தன. முன்பெல்லாம் ஒவ்வொரு வாயையும் ஒரு மீன் என்று எண்ணுவேன். இன்று ஒவ்வொரு உருண்டையையும் ஓர் ஊருக்கே போடும் சோறாக நினைத்துப் போட்டேன். அந்த நினைப்பு நீங்கள் கொடுத்தது.


கெண்டை வளர்ப்பவன்