மொழிபெயர்ப்புகள் என்னுடையவை

என் இளங்கலை ஆய்வேட்டின் முன்னுரை முடியும் இடத்தில் ஒரு வரி இருக்கிறது. தமிழ் மூலங்களிலிருந்து தரப்பட்ட மொழிபெயர்ப்புகள் அனைத்தும் என்னுடையவை என்று அது சொல்கிறது. அது பொய். அவசரத்தில் நேர்ந்த தவறு அல்ல. எழுதும்போதே பொய் என்று தெரிந்து எழுதினேன். ஏட்டைக் கையளித்தபோது, இது முழுவதும் என் சொந்த உழைப்பு என்ற உறுதிமொழியிலும் கையெழுத்திட்டேன். துறை அந்த ஏட்டுக்குச் சிறப்புத் தகுதி கொடுத்தது. அதைக் காட்டித்தான் மேற்படிப்புக்கு இடம் வாங்கினேன்.

நான் படித்தது அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில். இப்படிப்பட்ட பல கல்லூரிகளில் கடைசி வருடம் ஓர் ஆய்வுக்குரியது. மாணவர் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுப்பார். ஒரு பேராசிரியர் வழிகாட்டியாக வாராவாரம் அவரோடு உட்காருவார். வசந்த காலத்தில் ஏடு முடியும், பிறகு வாய்மொழித் தேர்வு. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்வார்த்மோர் கல்லூரி 1922இல் வெளியாட்களைத் தேர்வாளர்களாக அழைக்கும் சிறப்புப் படிப்பைத் தொடங்கியது. ஓஹாயோவின் வூஸ்டர் கல்லூரி 1940களின் பிற்பகுதியிலிருந்து, கெட்டிக்காரர் சுமாரானவர் என்று பாராமல், ஒவ்வொரு மாணவரையும் ஆய்வு செய்ய வைக்கிறது. அங்கே ஏட்டைக் கையளிப்பவருக்கு ஒரு டூட்சி ரோல் மிட்டாய் தருவார்கள். போர்ட்லண்டின் ரீட் கல்லூரியிலும் ஆய்வேடு இல்லாமல் பட்டம் இல்லை. பிறர் கண்டுபிடித்ததை மூன்று வருடம் படித்த ஒருவர், தனக்கு விடை தெரியாத ஒன்றைத் தேடப் பழக வேண்டும் என்பதே இதன் நோக்கம். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவருக்கு மட்டுமே அந்த வருடம் பயன்படும். எனக்கு அது வாயில் வரவில்லை.

நான் எடுத்த பொருள் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் 1822இல் பிறந்தவர். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். அவர் காலத்தில் ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ என்று பெரிய பெரிய பாடநூல்கள் தமிழில் வந்தன. 1873இல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884இல் இறந்தவரின் கல்லறையில் ‘தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர்’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். கவிஞர் அம்பி அவரை மருத்துவத் தமிழின் முன்னோடி என்று எழுதி, நம்மவர் நினைவுக்கு மீண்டும் கொண்டுவந்தார்.

என் கேள்வி கிறீனைப் பற்றியது அல்ல, அவருடைய மாணவர்களைப் பற்றியது. அந்த நூல்களை வரிவரியாகத் தமிழாக்கியவர்களில் பெரும்பாலோர் அவரிடம் படித்த தமிழ் இளைஞர்கள். சாப்மன், டான்வர்த், சுவாமிநாதன் போன்ற பெயர்கள் நூற்பட்டியல்களில் இருக்கின்றன. சாப்மன், டான்வர்த் என்றால் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். பணம் கொடுத்த அமெரிக்கரின் பெயரைப் படிக்கவந்த பிள்ளைக்கு வைப்பது அந்த மிஷன் பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. பட்டியலில் இவர்கள் இருந்தாலும் பேச்சில் இல்லை. எல்லாரும் ‘கிறீனின் நூல்கள்’ என்றே சொல்கிறோம். அந்த உழைப்பு எப்படி ஒரே பெயருக்குள் அடங்கிப்போயிற்று என்று காட்டுவதே என் ஏட்டின் வாதம்.

வாசிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வரப்போகிறது என்று புரிந்திருக்கும்.

சிறு வயதிலேயே நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்துவிட்டோம். ஆங்கில மொழியில்தான் படித்தேன். தமிழ் ஒரு பாடமாகச் சாதாரண தரம் வரை இருந்தது. பத்திரிகை வாசிப்பேன், வீட்டில் கதைப்பேன். ஆய்வுத் திட்டத்தைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தபோது, இந்த மூலங்களைச் சரளமாக வாசிக்கக் கூடியவன் நான் என்று போட்டேன். கோடை கால ஆய்வுக்கான உதவித்தொகை அந்த ஒரு வரிக்காகவே கிடைத்தது. மற்ற விண்ணப்பதாரர்களிடம் அது இல்லை.

ஹார்வர்டின் ஹாட்டன் நூலகத்தில் அமெரிக்க மிஷன் சபையின் ஆவணங்கள் இருக்கின்றன. கிறீன் எழுதிய ஆங்கிலக் கடிதங்களை வாசித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ‘இரண வைத்தியம்’ நூலைத் திறந்தபோது வயிறு கலங்கியது. சந்தி பிரிக்காமல் நீண்டுபோகும் வாக்கியங்கள், சமஸ்கிருதமும் நாட்டு வைத்திய வழக்கும் கலந்த கலைச்சொற்கள். ஒரு பக்கத்தில் எனக்குப் புரிந்தது அங்கொன்றும் இங்கொன்றும்தான். அடுத்த வாரமே வழிகாட்டியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சமய வரலாற்றில் ஆழ்ந்த பேராசிரியை. தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. “வாசிப்பு எப்படிப் போகிறது?” என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன்.

அன்று இரவு பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் வடமராட்சியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். அவருடைய தாய்வழியில் முறிவு தறிவு வைத்தியம் பார்த்த குடும்பம். பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். எனக்கு இரவு வரும்போது அவருக்கு விடிந்திருக்கும். தேநீர் குடித்தபடியே குரல் பதிவு அனுப்புவார். முதலில் வாக்கியத்தைப் பிரித்து வாசிப்பார், பிறகு இந்தக் காலத் தமிழில் சொல்வார், அதன் பிறகு தன் அபிப்பிராயம். நான் ஏதாவது எழுதி அனுப்பினால், “உதை ஏன் தம்பி உப்பிடிப் பிரிக்கிறாய்? முழு வசனத்தையும் ஒருக்கா வாசி” என்று திருத்துவார். ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர். சில பகுதிகளுக்கு ஆங்கில வடிவத்தையும் அவரே சொல்லித் தந்தார். நான் தட்டச்சு செய்தேன்.

மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அவருடையது. எலும்பு முறிவைப் பற்றிய பகுதியை வாசித்துவிட்டு ஒரு காலை நீண்ட பதிவு அனுப்பினார். இங்கிலாந்திலிருந்து வந்த அறுவைச் சிகிச்சை நூல்தான், ஆனால் தமிழாக்கியவன் ஊர் வைத்தியரின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன், அவன் தேர்ந்தெடுத்த சொற்களே அதற்குச் சாட்சி என்றார். தன் தாய்மாமன் கட்டுப்போடும்போது சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து நூலோடு ஒப்பிட்டார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது. இதுதான் என் ஏடு என்று அந்த நிமிடமே தெரிந்தது. அதே நிமிடத்தில், இதை யார் சொன்னார் என்று எழுதப்போவதில்லை என்றும் தெரிந்தது.

உதவி கேட்டது குற்றமே அல்ல என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உதவியைப் பதிவு செய்திருந்தால் அந்த ஏடு இன்னும் நல்ல ஏடாகியிருக்கும். ஒரு மரபில் வந்த ஆசிரியரோடு சேர்ந்து பழைய நூலை வாசித்தேன் என்று எழுதியிருந்தால், அதை எப்படிச் சொல்வது, வாய்மொழிச் சான்றை எப்படி மேற்கோள் காட்டுவது, அவர் சொன்னதை எங்கே சோதிப்பது என்றெல்லாம் என் பேராசிரியை வாரக்கணக்கில் எனக்குக் கற்றுத்தந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது குறையல்ல. வழிகாட்டியின் கையில் இருந்த ஒரே கருவி “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்ற கேள்வி. அதற்கு நான் பொய்யான பதில் கொடுத்தபோது, அந்த வருடம் முழுவதும் அவர் எனக்குத் தந்த நேரத்தை வீணாக்கினேன். அவர் திருத்தியதெல்லாம் என்னுடையதல்லாத சிந்தனையை. என் சிந்தனையைத் திருத்த அவருக்கு நான் இடமே தரவில்லை.

வாய்மொழித் தேர்வில் இரண்டாம் வாசகர், வேறு துறைக்காரர், மூன்றாம் அத்தியாயத்தைப் பாராட்டினார். இந்த ஒப்பீடு எப்படித் தோன்றியது என்று கேட்டார். சிறு வயதில் ஊரில் கேட்ட சொற்கள் நினைவுக்கு வந்தன என்றேன். பெரியப்பாவின் நினைவையும் என் நினைவாக ஆக்கிக்கொண்டேன். என் பேராசிரியையின் முகத்தில் பெருமை தெரிந்தது. பின்னாளில் அவர் எனக்காக எழுதிய பரிந்துரையில், தமிழ் மூலங்களில் எனக்கிருக்கும் தேர்ச்சியைத் தனியே குறிப்பிட்டிருந்தார்.

ஏன் மறைத்தேன்? பயம் ஒரு காரணம். உதவித்தொகை பொய்யான வரியின் மேல் வாங்கியது, அது வெளிவந்துவிடும் என்ற பயம். ஆனால் பயத்தை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. இன்னொரு காரணம் இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பெரியப்பாவின் உழைப்பை நான் உழைப்பாகவே எண்ணவில்லை. நன்றிப் பக்கத்தில் பேராசிரியையின் முழுப் பெயரும் பதவியும் இருக்கின்றன, நூலகரின் பெயர் இருக்கிறது, அறைத்தோழனின் பெயர்கூட இருக்கிறது. பெரியப்பா “என் குடும்பத்தினர்” என்ற சொல்லுக்குள் போய்விட்டார். வீட்டு ஆள்தானே, சொந்தக்காரர்தானே, காசா கேட்கப்போகிறார் என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பட்டமும் பதவியும் உள்ள இடத்திலிருந்து வருவது அறிவு, வீட்டு முற்றத்திலிருந்து வருவது பாசம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். சாப்மனுக்கும் சுவாமிநாதனுக்கும் நியாயம் கேட்டு எழுதிய கையால்தான் இதைச் செய்தேன். முரண்பாடு அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அச்சுக்குக் கொடுத்தேன்.

நூலாகக் கட்டிய பிரதி ஒன்றைப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். அவர் முழுவதும் வாசித்தார். ஓர் அடிக்குறிப்பில் நூலின் ஆண்டு தவறு என்று எழுதி அனுப்பினார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதை நான் வசதியாக ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தமிழை முறையாகப் படித்தேன். இந்தக் கட்டுரையை எழுதும் தமிழ் அப்படி வந்தது. அதற்கும் முதல் ஆசான் அவர்தான். படிக்கப் படிக்க, அந்த ஏட்டைத் திறக்கவே கூசியது. அண்மையில் மாணவர் ஒருவர், என் மொழிபெயர்ப்பை மேற்கோள் காட்டலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத முடியவில்லை. பெரியப்பாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்குத் தெரியும் தம்பி. புத்தகம் வந்த அண்டே முதலிலை நன்றிப் பக்கத்தைத்தான் பாத்தனான்.”

“பிறகேன் பெரியப்பா ஒண்டும் கேக்கேல்லை?”

“நீயாச் சொல்ல வேணும் எண்டு இருந்தனான்.”

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு காலம் அவர் காத்திருந்தார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்றாரா என்று சொல்லவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. இதைப் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றபோது, “பேப்பரிலை என்ரை பேர் வேண்டாம். அந்தப் புத்தகத்திலை போடு” என்றார். அதனால்தான் அவர் பெயர் இங்கே இல்லை.

கல்லூரி நூலகத்துக்கும் என் பேராசிரியைக்கும் எழுதினேன். அவர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். பதிலில் கண்டனமும் இல்லை, ஆறுதலும் இல்லை. எந்தெந்தப் பக்கங்கள், எந்தெந்த வாதங்கள் பெரியப்பாவுடையவை, வரிவரியாகக் குறித்து அனுப்பு என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று நான் செய்யாத வேலையை இன்று செய்ய வைக்கிறார். பழைய குரல் பதிவுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுக்கேட்டு, பெரியப்பாவோடு சேர்ந்து குறித்துவருகிறேன். சிறப்புத் தகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதா என்பது கல்லூரியின் முடிவு. எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கிறீனைப் பற்றிய என் ஆய்வேட்டைக் கையில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். திருத்தக் குறிப்பு அதில் சேரும் வரை, அதிலுள்ள எந்த மொழிபெயர்ப்பையும், மூன்றாம் அத்தியாயத்தின் எந்த வாதத்தையும் என் பெயரில் மேற்கோள் காட்டாதீர்கள்.