வண்டி உக்காந்துடுச்சு

நான் வேலை செய்யும் கிராமங்களில் சேற்றில் சிக்கிய வண்டிக்குப் பல சொற்கள் உண்டு. சக்கரம் கொஞ்சம் அமுங்கினால் 'இறங்கிடுச்சு'. முன்னாலும் பின்னாலும் போகாமல் சுற்றினால் 'மாட்டிக்கிச்சு'. மணலில் என்றால் 'பொதஞ்சுடுச்சு'. அடிப்பாகமே தரையில் தட்டிவிட்டால் 'உக்காந்துடுச்சு'.

எல்லாவற்றிலும் குற்றவாளி வண்டிதான். ஏதோ அதுவே ஆசைப்பட்டுப் போய் உட்கார்ந்ததுபோல. சாலை போடாதவரைச் சுட்டும் சொல் இதில் ஒன்றுகூட இல்லை.

வண்டி எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ஊர்த்தெருவில் அல்ல. தார் முடிந்து காலனிக்கு மண்பாதை தொடங்கும் இடத்தில். ஐப்பசி, கார்த்திகையில் 108 ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றுவிடும். வலி எடுத்த பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவார்கள்.

இதற்கு விதியும் துணை நிற்கிறது. 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், எல்லாக் காலத்துக்குமான சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் சமவெளிக் குடியிருப்பு 'இணைப்பு இல்லாத' கணக்கில் வராது. ஊரையும் சேரியையும் பிரிக்கும் தூரம் பெரும்பாலும் அந்த 500 மீட்டருக்குள்தான். காகிதத்தில் நமக்குச் சாலை இருக்கிறது. சேறு மட்டும் காகிதத்தில் இல்லை.

உட்கார்ந்த வண்டியை எடுக்கும் வித்தை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழிதான் பறிக்கும். முன்னால் மண்ணை வெட்டிவிட்டு வைக்கோல், சாக்கு, தென்னை மட்டை போட்டு, மெதுவாக நகர்த்தித் தள்ள வேண்டும். அதனால்தான் நெல் ஏற்றிய டிராக்டர் வயலில் இறங்கினால் காலனிக்கு ஆள் வருகிறது: "நாலு பசங்கள அனுப்புப்பா." தள்ளும்போது அந்தத் தோளில் தீட்டு இல்லை. டிராக்டர் கரையேறியதும் தீட்டு திரும்பி வந்துவிடுகிறது.

தோழர்களே, நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபை அடைமழைக் காலத்தில் வருகிறது. தார் முடியும் இடத்திலிருந்து கடைசி வீடு வரை நாடா பிடித்து அளந்து, மீட்டர் கணக்கோடு மனு கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள். மனுவில் 'வண்டி உக்காந்துடுச்சு' என்று எழுத வேண்டாம். 'இந்த 300 மீட்டருக்கு ஊராட்சி சாலை போடவில்லை' என்று எழுதுங்கள். வாக்கியத்துக்குள் செய்தவர் வரட்டும்.