ஸ்கார்பரோவில் ஐப்பசி

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

நாட்காட்டிப்படி இன்று கனடாவில் இலையுதிர் காலம் தொடக்கம். தெருவில் இன்னும் எல்லாம் பச்சை. ஆனால் நான் வேலை பார்க்கும் டயர்க் கடையில் நேற்றே பருவம் மாறிவிட்டது. குளிர்கால டயர்களைப் பரணிலிருந்து இறக்கி அடுக்கினோம். "இனி ரெண்டு மாசத்துக்கு மூச்சு விட நேரமிராது தம்பி" என்றார் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடங்களாக இந்தத் தொழிலில் இருப்பவர்.

அக்டோபர் 14, திங்கள்

தாங்க்ஸ்கிவிங், கடை விடுமுறை. அறை நண்பர்களோடு மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போனேன். ஹைலண்ட் கிரீக் ஓடையில் சால்மன் மீன்கள் ஒன்டாரியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு ஏறிக்கொண்டிருந்தன. முழங்கால் தண்ணீர்கூட இல்லை. மீனின் முதுகு வெளியே தெரிகிறது. கல்லில் மோதி மோதித் துடுப்புகள் கிழிந்து வெளுத்திருந்தன. சென்னைக் காசிமேட்டில் மீன் வாங்கி வளர்ந்தவன் நான். இவ்வளவு பெரிய மீன் கைக்கெட்டும் தூரத்தில் போக, யாரும் தொடாமல் கரையில் நின்று பார்ப்பதை முதல்முறையாகப் பார்த்தேன். முட்டையிட்டதும் அவை செத்துவிடும். பசிபிக் பக்கத்து மீனைக் கொண்டுவந்து இந்த ஏரியில் விட்டுப் பழக்கியிருக்கிறார்கள்.

மரங்களைப் பற்றியும் எழுத வேண்டும். பகல் குறையக் குறைய, இலை பச்சையம் செய்வதை நிறுத்திவிடுகிறது. இலையிலிருக்கும் சத்தை மரம் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறம் முன்பே இலைக்குள் இருந்ததுதான். பச்சை போனதும் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படியல்ல. இலை தன் கடைசி நாட்களில் அதைப் புதிதாகச் செய்துகொள்கிறது. நல்ல வெயிலும், உறைந்துபோகாத குளிர் இரவும் மாறி மாறி வந்தால் சிவப்பு கூடுதலாக ஏறும். கடைசியில் காம்படியில் மெல்லிய அடுக்கு ஒன்று உருவாகி இலையைக் கழற்றிவிடுகிறது.

சிவந்த இலை எனக்குப் புதிதல்ல. திருவொற்றியூரில் எங்கள் வாசலில் வாதாமரம் நிற்கிறது. மழை ஓய்ந்து தை, மாசி வந்தால் அதன் அகன்ற இலைகள் செக்கச் செவேலென்று மாறி விழும். அம்மா தினமும் ஒரு கூடை வாரிக் கொட்டுவார். நின்று பார்க்க ஊரில் நேரம் இருந்ததில்லை. இங்கே ஒரு பள்ளத்தாக்கே ஒரு வாரத்தில் சிவக்கிறது. பார்க்க வேண்டிய காட்சிதான், சந்தேகமே இல்லை.

அக்டோபர் 16, புதன்

அம்மாவின் போன். "கண்ணு, வாசல்ல கணுக்கால் தண்ணி. ரெட் அலர்ட்டுன்னு இஸ்கூலு லீவு வுட்டுட்டாங்க. கடல் இரைச்சல் ஊட்டுக்குள்ள கேக்குது. நீ துன்னியா?" ஐப்பசி பிறக்கும் முன்பே அங்கே மழை இப்படித் தொடங்கியிருக்கிறது. நாள் முழுக்க வேலை ஓடவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில். மேல்வீட்டு அக்கா, செதுக்கிய பூசணிக்குப் பக்கத்திலேயே அகல் விளக்கு ஏற்றியிருந்தார். பேய் வேடம் போட்ட பிள்ளைகள் சாக்லேட் கேட்டு வந்து, விளக்கை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

விடியற்காலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஊருக்கும் இங்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம் இருந்தது, இனி பத்தரை. மாலை ஐந்துக்கெல்லாம் சூரியன் மறைகிறது. வேலை ஆறு மணிக்கு முடிகிறது. இனி வாரநாட்களில் பகலைக் கடையின் ஷட்டர் வழியாகத்தான் பார்க்க முடியும்.

நவம்பர் 16, சனி

காலை ஏழுக்கே வாசலில் வரிசை. கார் ஜாக்கியில் ஏறுகிறது, நட்டுகள் கழல்கின்றன, நான்கு டயர் இறங்கி நான்கு ஏறுகிறது, அடுத்த கார். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப வந்து நட்டை முறுக்கிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்.

"ஏழு டிகிரிக்குக் கீழ போனால் சாதாரண ரப்பர் இறுகிப்போடும் தம்பி, ரோட்டைப் பிடிக்காது" என்று அண்ணை எனக்கு முதல் நாளே சொல்லித்தந்தார். குளிர்கால டயரை நகத்தால் அழுத்தினால் அந்தக் குளிரிலும் கொஞ்சம் உள்வாங்கும். பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலையும் பனித்துகளும் பொறித்திருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் மாட்டினால் காப்பீட்டில் தள்ளுபடி உண்டு.

அப்பா எம்.ஆர்.எஃப்.பில் வேலை பார்த்தவர். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய கம்பெனி அது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவர் சட்டையில் ரப்பர் வாசனை அடிக்கும். டயருக்கு எதிரி சூடு என்று ஊர்ச் சாலையை வைத்துச் சொல்லுவார். குளிரும் எதிரிதான் என்று இங்கே வந்து தெரிந்துகொண்டேன். இன்று இரவு என் ஜாக்கெட்டிலும் அதே வாசனை. தோய்க்க மனம் வரவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

கார்த்திகைப் பௌர்ணமி. திருவொற்றியூர்க் கோயிலில் புற்றுருவான ஆதிபுரீஸ்வரர் மேல் ஆண்டு முழுக்கக் கவசம் இருக்கும். இந்தப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும்தான் அதைக் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அம்மா வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். எனக்கு அந்தத் தைல வாசனை நினைவில் வந்தது. இங்கே மரங்கள் எல்லாம் மொட்டை; ஒரு வாரத்தில் குளிர்காலம்.

செப்டம்பர் சேர்க்கைக்கு இங்கே வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வந்த வேகத்தில் வகுப்பும் ஷிஃப்டுமாகவே ஓடாதீர்கள். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒரு பகலை, சம்பளம் போனாலும் பரவாயில்லை, ஒதுக்கி வையுங்கள். ரூஜ் தேசிய நகர்ப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. போய்ச் சிவந்த மரங்களுக்கிடையே நடந்துவிட்டு வாருங்கள். நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு, வேலை முடிந்து வெளியே வரும்போது வெளிச்சம் இருக்காது.